தீப்பெட்டிக் களத்தில் காய்ந்த வத்தல்

மாசிக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு விருதுநகரில் இறங்கினேன். தஞ்சாவூரில் நான் நடத்தும் மாவு மில்லுக்கு மூன்று மூடை மிளகாய் வத்தல் வேண்டும். கடைத்தெருவில் வாங்கினால் சாயமா, போன வருடச் சரக்கா என்றே தெரிவதில்லை. எங்கள் தெருவில் குடியிருக்கும் நர்ஸ் செல்விதான் வழி சொன்னாள். "என் தங்கச்சி ஜெயராணி வெம்பக்கோட்டைப் பக்கம் சம்பா வத்தல் போடுதாக்கா. பெங்களூர்க் கம்பெனி ஒண்ணு மொத்தமா எடுக்கப்போகுதாம். உங்களுக்கு மூணு மூடை ஒதுக்கச் சொல்லுதேன்." விளைவித்தவர் முகம் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. கிளம்பிவிட்டேன்.

விருதுநகரிலிருந்து சிவகாசி இருபத்தேழு கிலோமீட்டர்; கட்டணம் இருபத்தைந்து ரூபாய். அங்கிருந்து வெம்பக்கோட்டைக்கு நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கண்டக்டரின் விசாரணை உண்டு.

"வெளியூரா? ஆர்டருக்கு வந்தீகளாக்கா? காலண்டரா, வெடியா?"

"வத்தலுக்கு."

அவர் முன்பக்கம் திரும்பிக் கத்தினார்: "அண்ணே, சிவகாசிக்கு வந்து வத்தல் கேக்குதாகண்ணே!" பேருந்தே சிரித்தது. பின் இருக்கையில் தூக்குச்சட்டியோடு வெடிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "கேட்டா என்ன? நாங்க வெடியவா திங்குதோம்? எங்க ஊருக் கொளம்புக்கும் வத்தல்தான் போடுதோம்" என்றார். கண்டக்டர் அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விட்டார்.

ஊரைத் தாண்டியதும் பாதை கரிசலுக்குள் இறங்குகிறது. வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண், நடுநடுவே வேலிக்குள் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன வெடி ஷெட்டுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வேப்பமரம். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி எதற்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒன்பதரை மணிக்கு ஜெயராணி வீட்டில் இருந்தேன். "வாங்கக்கா, சாப்பிட்டீகளா?" என்றவளின் முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை. வீட்டுக்குள் பன்னிரண்டு மூடை வத்தல் சுவரோரம் அடுக்கியிருந்தது. கம்பெனி வண்டி இன்னும் வரவில்லையா என்று கேட்டேன்.

"வராதுக்கா. வேண்டாம்னுட்டாக." சொன்னவர் அவள் கணவர் அந்தோணி. "நீங்க வந்து பாருங்க, எதுக்காக வேண்டாம்னாகன்னு."

கூட்டிப் போனது ஊர்க் கடைசியில் மூடிக்கிடக்கும் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு; தொழிற்சாலைக்கு இங்கே அதுதான் பெயர். உள்ளே அகலமான சிமெண்டுக் களம். அந்தக் காலத்தில் தீக்குச்சி காயப்போட்ட இடம். மருந்து முக்கும் ஷெட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்ததாம்.

ஜெயராணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன வருசம் அந்தக் கம்பெனியில இருந்து ரெண்டு பேரு கேமராவோட வந்தாக. அக்கா, அக்கான்னு வாய் நிறையக் கூப்பிட்டாக. 'மண்ணுல காயப்போடாதீங்கக்கா, சுத்தமான சிமெண்டுக் களம் வேணும், சந்தைய விடக் கூட வெலை தாரோம்'னாக. இந்த ஊருல சிமெண்டுக் களத்துக்கு எங்கன போவேன்? இதுதான் இருக்கு. ஓனர்ட்டக் கேட்டேன். வாடகை வேண்டாம், கூட்டிச் சுத்தமா வச்சிக்கோன்னாரு. தண்ணி ஊத்திக் கழுவி, வெயில்ல காயவிட்டு, அதுக்கப்புறந்தான் மொளகாப் பழத்தக் கொட்டுனேன். தெனம் கிண்டிவிட்டு, சோடைப் பழத்தப் பொறுக்கி எறிஞ்சேன். சந்தோசமா போட்டோ எடுத்து அனுப்புனேன்."

அந்தப் போட்டோவைக் காட்டினாள். களம் முழுக்கச் சிவப்பு. பின்னால் சுவரில், அதைவிடச் சிவப்பாகப் பழைய எழுத்து: 'அபாயம். புகை பிடிக்காதே.'

"இதப் பாத்துட்டு, 'வாங்குறவங்க பயந்துருவாங்கக்கா'ன்னாக. ஒரு கிலோ தாரேன், சோதிச்சுப் பாருங்கன்னேன். 'சோதனை விசயமில்லக்கா, படம்தான் விசயம்'னுட்டாக. ஏழை சொல்லு அம்பலம் ஏறாதும்பாக. ஏழை வத்தலும் ஏறாது போல."

மருந்து பட்ட வத்தல் என்றால் நானும்தான் தொடமாட்டேன். அதைச் சோதித்துச் சொல்லட்டும், தலைவணங்கிக் கேட்டுக்கொள்ளலாம். சோதிக்காமலே சுவரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்? சிமெண்டு கேட்டதும் அவர்கள்தான். சிமெண்டு எந்த ஊரில், எந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று முகம் சுளித்ததும் அவர்கள்தான்.

இதில் ஜெயராணிக்குப் போனது விலை மட்டும் இல்லை. பதினோரு வருடம் வெடிக் கம்பெனிக்குப் போனவள் அவள். போன வருடம் பக்கத்து ஷெட்டு வெடித்தபோது காதுக்குள் அடைத்த சத்தம் பல நாள் இறங்கவே இல்லையாம். கூடுதல் விலைப் பேச்சை நம்பித்தான் வேலையை விட்டாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே வெடிக் கம்பெனி போர்மேன் பைக்கில் வந்து வாசலில் நின்றார். "திங்கக்கிழமை வேன்ல ஏறுதியா தாயி? ஆளு பத்தல."

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள்.

மூன்று மூடையை நான் எடுத்துக்கொண்டேன், பெங்களூர்க் கம்பெனி சொன்ன அதே விலைக்கு. என் மில்லுக்கு அவ்வளவுதான் தாங்கும். மிச்சம் ஒன்பது.

சனிக்கிழமை காலை பன்னிரண்டு மூடையையும் ஏற்றிக்கொண்டு லோடு வண்டி விருதுநகருக்குப் புறப்பட்டது. அந்தோணியும் நானும் முன்னால் உட்கார்ந்தோம். வழியெல்லாம் பட்டாசுக் கடை விளம்பரங்கள். என் மூன்று மூடையை லாரி ஆபீஸில் இறக்கிவிட்டு, ஒன்பதோடு கமிஷன் கடைக்குப் போனோம். வத்தல் நெடியில் வாசலிலேயே எனக்குத் தும்மல். கணக்குப்பிள்ளை ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்கினார். விதை கலகலத்தது. ஒன்றை ஒடித்து முகர்ந்தார்.

"நல்ல சரக்கு. தூசியே இல்ல. எந்தக் களம்?"

அந்தோணி என்னைப் பார்த்துவிட்டு, "தீப்பெட்டிக் களம் அண்ணாச்சி" என்றார்.

"சிமெண்டா? அதான் பார்த்தேன்." உள்ளே திரும்பி, "ஏலே, இந்த ஒம்பதையும் பெங்களூர் லோடுல சேருலே" என்றார்.

பெங்களூரில் யாருக்கு என்று கேட்டேன். மூலையில் கிடந்த வெறும் சாக்குகளைக் காட்டினார். ஒரு பெண் சிரிக்கும் படம், அந்தக் கம்பெனியின் பெயர், கீழே 'விவசாயியிடமிருந்து நேரடியாக'.

"அண்ணாச்சி, இது நேரடின்னு போட்டிருக்கே?"

"நாங்க விவசாயிகிட்ட நேராத்தானக்கா வாங்குதோம்?" என்று சிரித்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். கூடுதல் விலை என்று ஒரு பைசா கிடையாது. சந்தை விலை, அதில் கமிஷன் கழிவு.

அந்தோணி அங்கேயே நின்று ஜெயராணிக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். நடந்ததையெல்லாம் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அப்ப என் வத்தல அவுக திம்பாக. ஊரு பேருதான் ஆகாது. சரி, அடுத்த வருசம் மண்ணுலயே போடுதேன், படத்துக்கு நல்லாருக்கும். போர்மேன்ட்ட வாரேன்னு சொல்லிட்டேன்."

திங்கள் காலை எட்டு மணிக்கு மில்லைத் திறந்து, பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினேன்: 'சிவகாசி பக்கம் வெம்பக்கோட்டை ஜெயராணி வத்தல். தீப்பெட்டி ஆபீஸ் களத்தில் காய்ந்தது.' முதலில் வந்த மேலத்தெரு அம்மாள் நெற்றியைச் சுருக்கினார். "சிவகாசியா? மருந்து வாடை அடிக்காதே?"

மூடையை அவிழ்த்து, ஒரு கை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன். முகர்ந்தார். நான்கு தும்மல் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு கிலோ போடு" என்றார்.

ஒரு கம்பெனியால் முடியாத சோதனை இவ்வளவுதான். உடனே ஜெயராணியைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகுதான் உறைத்தது: இந்நேரம் அவள் வெடிக் கம்பெனியின் அந்த வேலிக்குள் இருப்பாள். அங்கே கைபேசி கொண்டுபோகக் கூடாது.