நான் விழுங்கிய ஒரு வரி

போன மாதம் பிரான்சிலிருந்து ஒரு போன். "மதாம், நீங்கள் அனுப்பிய மொழிபெயர்ப்பில் ஒரு வரி குறைகிறதே?"

அந்த வரி தவறிப்போகவில்லை. வேண்டுமென்றே நான்தான் விட்டிருந்தேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு டீச்சர் வேலையிலிருந்து ரிட்டயரான பிறகு, நெல்லித்தோப்பு வீட்டிலேயே மொழிபெயர்ப்பு செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம்ம ஊரில் இந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பென்ஷன் பேப்பர்... எதுவானாலும் பிரெஞ்சில் எழுதி, 'கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்தது' என்று சீல் குத்திக் கொடுப்பேன்.

அப்படித்தான் ஸ்டெல்லா வந்தாள். என்னிடம் படித்த பெண். இதை எழுதப் போகிறேன் என்றதும், "என் சொந்தப் பேரையே போடுங்க டீச்சர்" என்றாள். நான்தான் பிடிவாதமாக மாற்றியிருக்கிறேன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. தாத்தா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. அண்ணன் பிரான்சில்.

அண்ணனுக்கு அனுப்பப் பிரெஞ்சில் வேண்டுமென்று பையிலிருந்து இரண்டு பேப்பர்களை எடுத்து வைத்தாள். முதலாவது, போலீஸ் வாக்குமூலம். கம்பெனி சூப்பர்வைசர் அவளைப் பலாத்காரம் செய்திருக்கிறான்.

"எழுதுனவங்க எல்லாம் ஆம்பளைங்க டீச்சர். நிக்க வச்சே கேட்டாங்க. நாலு பேருகிட்ட நாலு வாட்டி சொன்னேன்."

ஏன் கத்தவில்லை? என்ன டிரஸ் போட்டிருந்தாய்? ஏன் ரெண்டு நாள் கழித்து வந்தாய்? இதெல்லாம் கேள்விகள். அவனை யாராவது ஒரு கேள்வி கேட்டதாக அந்தப் பேப்பரில் இல்லை.

இரண்டாவது, டாக்டர் ரிப்போர்ட். கடைசி வரியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஏற்கெனவே உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்.'

அடப் பாவிகளா! விரலை விட்டுப் பார்த்துச் சொல்கிற அந்தப் பரிசோதனையே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது! பழக்கம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அவன் செய்த அக்கிரமத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இவ்வளவு கொதித்த நான் அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பெயர்த்தேன். சீலும் குத்தினேன். கல்யாணமாகாத பெண் — அண்ணன் படிப்பான், அண்ணி படிப்பாள், நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள்... அவள் மானத்தைக் காப்பாற்றியதாக எனக்கு நினைப்பு!

போனில் பேசியவர், ஸ்டெல்லாவின் அண்ணன் அங்கே ஏற்பாடு செய்த வக்கீலம்மா. அசல் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு வரியை எண்ணியிருக்கிறார். நான் தயங்கித் தயங்கி அந்த வரியைச் சொன்னேன்.

"அதுதான் எனக்கு வேண்டிய வரி, மதாம். தடை செய்த பரிசோதனை அங்கே இன்னும் நடக்கிறது என்று எங்கள் அரசாங்கம் மூலமாகவும், ஐ.நா. மூலமாகவும் கேட்கப் போகிறோம். அதற்கு இது ஒன்றுதான் ஆதாரம்."

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். கோபப்பட்டுக் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"எதுக்கு டீச்சர் மறைச்சீங்க? வெக்கப்பட வேண்டியவ நானா? அவங்கதான் அப்படின்னா... நீங்களுமா?"

பளாரென்று அறை வாங்கிய மாதிரி இருந்தது. அன்றைக்கே முழுசாகப் பெயர்த்து அனுப்பினேன்.

போன வாரம் பாருங்கள்... கடல் தாண்டி ஒரு கடிதம் வந்ததும், எல்லோருக்கும் திடீரென்று சட்டம் ஞாபகம் வந்துவிட்டது! ஒரு பெண் எஸ்.ஐ. ஸ்டெல்லா வீட்டுக்கே வந்து புதிதாக வாக்குமூலம் எழுதினார். துணைக்கு நான் இருந்தேன். "மொதல்ல தண்ணி குடிம்மா, மெதுவா சொல்லு" என்றார். டிரஸ் பற்றி ஒரு கேள்வி இல்லை. பழக்கம் பற்றிப் பேச்சே இல்லை.

இத்தனைக்கும் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும், வீட்டுக்கு வந்து எழுத வேண்டும் என்பதெல்லாம் பிரான்ஸ் சட்டம் இல்லை. நம்ம சட்டம்! அயலூர்க்காரன் கேட்டால்தான் நாம் துடைப்பத்தைக் கையில் எடுப்போமா?

எழுதி முடித்து எஸ்.ஐ. பேனாவை மூடப் போனார். ஸ்டெல்லா விடவில்லை.

"இருங்க மேடம். என்கூட பேக்கிங்ல ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கும் இதே ஆளுதான். போன வருஷம் உங்க ஸ்டேஷனுக்கு வந்தா. கண்டதக் கேட்டு அழ வச்சு அனுப்பிட்டீங்க. அவளுக்கு பிரான்ஸ்ல அண்ணன் இல்ல. அவளுக்காக யாரு லெட்டர் போடுவா?"

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாளைக்கு நானே அவள கூட்டினு வரேன் மேடம். அவளுக்கும் மொதல்ல தண்ணி குடுங்க."