முதல் கைப்பிடி மாவு

என் ஓரகத்தியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு நான், தம்பிக்கு அவள் என்று வாழ்க்கைப்பட்டோம். அவள் என்னிடம் ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை. அதுவே பெரிய தொல்லை. திட்டக் காரணம் கிடைக்காத ஆளை எப்படித் திட்டுவது?

எங்கள் மலையில் மகளிர் குழுவுக்கென்று ஒரு கொட்டகை, அதில் ஒரு பொரி மிஷின். மேலே மாவைக் கொட்டினால் உள்ளே திருகு சுற்றி, நசுக்கி, சூட்டில் வேகவைத்து, முன்பக்க ஓட்டை வழியாகத் தள்ளும். வெளியே வந்த கணமே மாவு உப்பிக் குழலாகிவிடும். ஒரு வாரம் நான் ஓட்டுவேன், மறுவாரம் அவள். வெறும் சாமை மாவு ஓடியவரைக்கும் இருவருக்கும் ஒன்றுபோலத்தான் வந்தது.

பிறகு செங்கத்து வியாபாரி ஒருவர், பிள்ளைகள் தின்பது, புரதம் இருக்கட்டும், கொள்ளு மாவும் சேருங்கள் என்றார். சேர்த்தோம். என் வாரத்தில் குழல் உப்பவில்லை. ஒல்லிக் குச்சியாக, பல்லை உடைக்கிற மாதிரி வந்து விழுந்தது. சூட்டைக் கூட்டினேன், தீய்ந்த வாடை. தண்ணீரை அதிகம் தெளித்தேன், களி மாதிரி நீண்டு தொங்கியது. திருகின் வேகத்தை ஏற்றினேன், மிஷின் உதறி அடைத்துக்கொண்டது. அவள் வாரத்தில் அதே மாவு, அதே சூடு, அதே வேகம். குழல் பஞ்சாக வந்தது. எட்டி எட்டிப் பார்த்தேன், சூடு காட்டும் முள்கூட நான் வைத்த இடத்தில்தான் நின்றது.

"அது அவ கைராசிம்மா. நீ இன்னா பண்ணாலும் வராது" என்றார் குழுத் தலைவி அக்கா. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. என் வாரத்திலும் முதல் கைப்பிடி மாவை அவள்தான் போடவேண்டும். நான் மிஷினைத் துடைத்து, சூடேற்றி, வியர்த்து நிற்பேன். அவள் வளையல் குலுங்க வந்து ஒரு கைப்பிடி போட்டுவிட்டுப் போவாள். அப்படியும் என் குழல் கல்லாகவே வந்தது. பழி மட்டும் எனக்கு.

வியாபாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். அன்று அவளே ஓட்டட்டும், அதன்பிறகும் மிஷினில் அவளே நிற்கட்டும், நான் பாக்கெட் போடப் போகலாம் என்று குழுவில் முடிவாயிற்று. எனக்கு அந்த மிஷின் வேண்டும். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள வீட்டில் வேறெதுவும் இல்லை.

வியாபாரி வருகிற அன்று விடியற்காலையில், அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஆள் வந்தது. கிடைத்த ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். பாவம் என்று என் வாய் சொன்னது. உள்ளுக்குள் குதித்தேன்.

கொட்டகையில் கலந்த மாவு மூட்டை கட்டித் தயாராக இருந்தது. தொட்டால் லேசாக ஈரம். இரவெல்லாம் பனி, இறங்கியிருக்கும் என்று நினைத்துத் தண்ணீர் தெளிக்காமல் விட்டேன். முதல் கைப்பிடியை நானே போட்டேன். குழல் உப்பி உப்பி வந்தது. வியாபாரி ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நல்லா மொறுமொறுன்னு இருக்குதுங்க. இதையே அனுப்புங்க" என்றார்.

தலைவி அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "உனக்கும் கைராசி வந்துட்டுதேம்மா. இனிமே நீயே நில்லு." அன்று மதியம் என் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் ஓரகத்தி போன் செய்தாள். அம்மாவுக்குப் பரவாயில்லை என்றாள். பிறகுதான் கேட்டாள்.

"மாவு நல்லா வந்துச்சாக்கா? நேத்து சாயங்காலமே தண்ணி தெளிச்சி, பெசறி, மூட்ட கட்டி வச்சிட்டேன். கொள்ளு மாவு தண்ணிய மெதுவாத்தான் குடிக்குது. காலைல தெளிச்சா மேலதான் நனையும், உள்ள காஞ்சி கெடக்கும். உனக்குச் சொல்லலையா நானு?"

சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. சாயங்காலமானால் ஆடுகளை ஓட்டிவரக் கிளம்பிவிடுவேன். அவள் கொட்டகையைப் பெருக்கத் தங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். "வந்துச்சி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். கைராசி இல்லை, வெறும் தண்ணீர்தான் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் ஜெயித்தது அவள் பிசறிய மாவில்.

திரும்பி வந்தவள் குழுவில் எல்லோரிடமும் தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. "தண்ணி தெளிக்க யாருக்குத்தான் தெரியாது?" என்றார் தலைவி அக்கா. அவள் பாக்கெட் மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது சாயங்காலமே மாவைப் பிசறிக் கட்டிவைக்கிறேன். ஆடுகளை அவள் ஓட்டி வருகிறாள். காலையில் மிஷின் சூடானதும், மேசையிலிருந்து எழுந்து வந்து, ஒரு கைப்பிடி மாவை அள்ளி என் உள்ளங்கையில் வைப்பாள்.

"போடுக்கா. இது உன் மிஷினு."

கிண்டலா என்று எத்தனையோ முறை அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டேன். இல்லை. மனதாரத்தான் சொல்கிறாள். மிஷின் எனக்கு வந்துவிட்டது. ஆனால் கையில் இருந்ததை இப்படிக் கொடுத்துவிட்டுச் சிரிக்க அவளுக்கு வருகிறது, எனக்கு வராது. இப்போது என் வயிறு எரிவது அதற்குத்தான்.