செனட்டர் லியனார்ட்டும் வீரய்யாவின் பிள்ளையும்

வெள்ளிமலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சங்கத் தலைவரான லியனார்ட்டை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே தலைவர், முதுகுக்குப் பின்னால் செனட்டர். ஒரு மே தினக் கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து செனட் சபை உறுப்பினர் ஒருவர் அட்டனுக்கு வந்திருந்தார். அவர் பேசி முடித்ததும் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்ற லியனார்ட், தங்கள் லயத்து வரிசை வீடுகளின் குழாயில் மாதக்கணக்காகத் தண்ணீர் வராததைத் தமிழில் கொஞ்சமும் சிங்களத்தில் கொஞ்சமுமாகச் சொல்லத் தொடங்கினார். நிறுத்துவதற்கு அரை மணி நேரம் ஆனது. "என்னுடைய கதிரையில் நீங்கள் இருக்க வேண்டியது" என்று அந்தப் பெரிய மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார். தண்ணீர் வரவில்லை, பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. எழுபத்தோராம் ஆண்டில் அந்தச் சபையையே கலைத்துவிட்டார்கள். வெள்ளிமலையில் மட்டும் ஒரு செனட்டர் மிச்சமிருந்தார்.

அவருடைய மனைவி ஜோசப்பினுக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் பேசும் மனிதர், வீட்டுக்கு வந்தால் அடுப்பைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்குத்தான் தெரியும். இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். மூன்றாவதுக்காக நேர்ந்துகொள்வதை ஒரு நாள் அவளாகவே விட்டுவிட்டாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டுக்கு உரிமையோடு வந்துபோனவன் வீரய்யா. மேட்டு லயத்துக்காரன். தேயிலையை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தால் மலையில் அவனுக்கு ஈடு கிடையாது, கோபத்திலும் அப்படித்தான். வேலைநிறுத்தம் என்றால் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்பான். லியனார்ட்டை அண்ணே என்பான், ஜோசப்பினை மதினி என்பான். மருதாயியைக் கட்டிக்கொண்டு வந்தபோது முதல் சோற்றை இந்த வீட்டில்தான் இருவரும் சாப்பிட்டார்கள்.

எழுபத்து நாலில் பஞ்சம் வந்தது. பங்கீட்டு மாவைக் குறைத்தார்கள், வேலை நாளையும் குறைத்தார்கள். ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கு கிடைத்தால் கிழங்கு, கிடைக்காவிட்டால் கீரை என்று வேகவைத்துத் தின்றார்கள். அதுவும் இல்லாதவர்கள் பாலும் சீனியும் இல்லாத சாயத் தண்ணியைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தார்கள். மருதாயி அப்போது நிறைமாதம். அவள் கால் இரண்டும் வீங்கி முகம் மட்டும் வற்றிப் போயிருந்தது. தோட்டத்து ஸ்டோரில் மா மூட்டைகள் அடுக்கியிருப்பதை வீரய்யா கண்ணால் பார்த்துவிட்டு வந்தான். பூட்டை உடைத்து எடுப்போம் என்றான். ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள்.

லியனார்ட்தான் அவர்களை வழிமறித்தார். உடைத்தால் பொலிசு வரும், சுடும், நான் துரையிடம் பேசியிருக்கிறேன், நாளை மறுநாள் மா தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரை பொறுங்கள் என்று மன்றாடினார். கூட்டம் கலைந்தது. மறுநாளே மருதாயிக்கு வலி கண்டது. பெண் குழந்தை பிறந்தது. உதிரம் நிற்காமல், பொழுது சாயுமுன் அவள் கண்ணை மூடிவிட்டாள். சொன்னபடி அதற்கு அடுத்த நாள் மா கொடுத்தார்கள். அந்த மாவில் ரொட்டி சுட்டுத்தான் மருதாயியைப் புதைக்கப் போனவர்கள் பசியாறினார்கள்.

புதைத்துவிட்டு வந்த வீரய்யா பச்சைப் பிள்ளையைத் துணியோடு தூக்கி வந்து ஜோசப்பின் மடியில் வைத்தான். லியனார்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்கண்ணே. நீங்க பேசுனதக் கேட்டுத்தான் நான் பொறுத்தேன்" என்றான் அவன்.

அதற்குப் பிறகு அவன் அந்தத் தோட்டத்தில் இல்லை. பிள்ளைக்கு இராஜகுமாரி என்று பேர் வைக்க வேண்டும் என்பது மருதாயியின் ஆசை. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த சாமியார், வேதத்துப் பேர் ஒன்றும் வேண்டுமே என்றார். சிசிலி இராஜகுமாரி என்று வைத்தார்கள். வீட்டில் அவள் குமாரி.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு வீரய்யா திரும்பி வந்தான். டவுனில் இருந்த ஒரு பெரிய புள்ளியின் ஆளாக, தோட்டத்துக் காவல்காரனாக வந்தான். கையில் தடி, பின்னால் ஒரு நாய். விறகு பொறுக்கிய பெண்களின் கூடையை உதைத்தான். சங்கத்துக்குச் சந்தா கொடுத்தவர்களின் பெயரை மேலிடத்துக்குச் சொன்னான். எழுபத்தேழில் தேர்தல் முடிந்த கையோடு ஒரு கூட்டம் வந்து சங்கத்துக் கொடிக்கம்பத்தைப் பிடுங்கியபோது, லியனார்ட்டின் இடது கையை முறித்தவன் அவன்தான். அதை லயம் முழுக்கப் பார்த்தது. பொலிசு வந்து கேட்டபோது லியனார்ட், தடுக்கி விழுந்தேன் என்றார்.

ஜோசப்பின் அன்று அவரோடு சண்டை போட்டாள். அடித்தவனைக் காட்டிக்கொடுக்க முடியாதவருக்குத் தலைவர் பதவி எதற்கு என்றாள். அவர் கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வழக்கு, கோடு கச்சேரின்னு போனா அவன் யாருன்னு புள்ளைக்குத் தெரிஞ்சு போயிரும், ஜோசப்பின்" என்றார்.

லியனார்ட் ஒவ்வொரு லயமாகப் போய்க் கேட்டுக்கொண்டார். பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், அவளாக வளர்ந்து கேட்கிற வரைக்கும் யாரும் வாய்விட்டுவிடக் கூடாது என்றார். ஜோசப்பினுக்கு அதில் நம்பிக்கையில்லை. கொழுந்து பறிக்கிற மலையில் ஒரு நாள் பேச்சு போதுமே, யாராவது ஒருத்தி வாய் தவறமாட்டாளா என்று பயந்தாள். யாரும் வாய் தவறவில்லை. சண்டைக்காரிகள்கூட, ஆத்திரத்தில் என்னென்னவோ சொல்லித் திட்டும்போதும், அதை மட்டும் சொல்லவில்லை.

முறிந்த கை சரியாகக் கூடவில்லை. தோளுக்கு மேலே தூக்க வராது. ஜோசப்பின் விடிகிற முன்பே வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விடுவதால், குமாரிக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவது அவர் வேலை. பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, ஒரு புரியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் வலது கையாலேயே பின்னுவார். சடை எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். வாயில் மயிர் இருப்பதால் அவரால் அப்போது பேச முடியாது. குமாரி அந்த நேரம் பார்த்து உலகத்துக் கேள்வியெல்லாம் கேட்பாள். ம், ம் என்று மூக்கால் பதில் சொல்லிக்கொண்டே அவர் பின்னி முடிப்பார்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது எண்பத்து மூன்று ஆடி வந்தது.

கொழும்பில் தமிழர் கடைகள் எரிவதாக முதலில் ரேடியோக் கதையாக வந்தது. பிறகு பக்கத்து டவுனே புகைந்தது. தோட்டத்தில் வேலை நின்றுபோய், ஆட்கள் கூட்டம் கூட்டமாக இஸ்தோப்புத் திண்ணையில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூறலும் பனியுமாக இருந்த ஒரு காலையில் வீரய்யா வந்தான். தடி இல்லை, நாய் இல்லை. வாசலில் நின்றான். குமாரி அவனைப் பார்த்ததும் உள்ளே ஓடி ஜோசப்பினின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். காவல்காரனைக் கண்டால் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் ஓடுவார்கள். அவன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"மத்தியானத்துக்கு மேல லொறியில வாறாங்க. புள்ளையக் கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்புங்க."

"மத்த ஆளுங்க?" என்றார் லியனார்ட்.

"உங்களுக்கு மட்டுந்தான் சொல்ல வந்தேன். எல்லாருக்கும் சொன்னா நாந்தான் சொன்னேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போகும். என்னைய உசுரோட விடமாட்டாங்க."

லியனார்ட் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறு என்று அவனிடம் சொன்ன நாள் அவருக்கு அப்போது நினைவு வந்திருக்கும் என்று ஜோசப்பினுக்குத் தோன்றியது. அவர் நீ போ என்று கையைக் காட்டினார். அவன் பனிக்குள் இறங்கி மறைந்ததும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய், அங்கே தொங்கிய தண்டவாளத் துண்டை எல்லா லயத்துக்கும் கேட்கும்படி அடிக்கத் தொடங்கினார்.

எல்லா லயத்துக்காரர்களையும் மேல் மலைக்கு ஏற்றினார். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடம் அது. கம்பளி, சட்டி, பிள்ளைகள் என்று கையில் அகப்பட்டதோடு சனம் ஏறியது. இரண்டு பேரைத்தான் நகர்த்த முடியவில்லை. ஒருவர் கைகால் விழுந்து கிடந்த மூக்கன் கிழவர். மற்றவள் சின்னராசாவின் பெண்சாதி. முந்தின நாள்தான் அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, எழுந்து நின்றாலே உதிரம் போய்க்கொண்டிருந்தது. சின்னராசா அவளை விட்டு வரமாட்டேன் என்றான். லியனார்ட்டும் வரவில்லை.

ஜோசப்பின் அவரிடம் கெஞ்சினாள். உங்களால் ஒரு பக்கெட்டைத் தூக்க முடியாது, நீங்கள் இருந்து யாரைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்றாள்.

"எனக்குச் சிங்களம் தெரியும். பேசிப் பாக்குறேன்" என்றார் அவர்.

குமாரியைக் கிட்டே கூப்பிட்டு அவள் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். அம்மா கையை விட்டுவிடாதே என்றார். அவ்வளவுதான். பிள்ளைக்குப் பயமாக இருக்கும் என்று அவர் முத்தம்கூடக் கொடுக்கவில்லை. அந்த ஒன்றை நினைத்து நினைத்து ஜோசப்பின் பிற்பாடு அழுதிருக்கிறாள்.

மேலே இருந்தவர்களுக்குப் பனியில் ஒன்றும் தெரியவில்லை. லொறியின் இரைச்சல் கேட்டது. அது நின்றது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. அந்த அமைதி நீண்டுகொண்டே போக, பேசிச் சரிக்கட்டிவிட்டார் போல என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். ஜோசப்பினும் அதை நம்பினாள். அப்புறம்தான் புகை வந்தது. பனியை விடக் கறுப்பாக, தகரமும் ரப்பரும் எரிகிற நாற்றத்தோடு தேயிலைச் செடிகளுக்கு மேலாக ஏறி வந்தது. பிள்ளைகள் இருமினார்கள். தாய்மார் அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கீழே நடந்ததை, மேலே ஏறாமல் வடிகால் கானுக்குள் ஒளிந்து கிடந்த லயத்து ஆள் அழகுமுத்து வந்து சொன்னான். லியனார்ட் கோட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டு மதகடியில் நின்றிருக்கிறார். இறங்கியவர்களைக் கும்பிட்டுவிட்டுப் பேசியிருக்கிறார். லயத்தில் ஒரு நோயாளியும் நேற்றுப் பிள்ளை பெற்ற ஒருத்தியும்தான் இருக்கிறார்கள், உங்கள் வீட்டிலும் தாய்மார் இருப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். சிலர் நின்று கேட்டிருக்கிறார்கள். வயதான ஒருவன் போய்விடுவோம் என்றுகூடச் சொன்னானாம். அந்த இடைவெளியில் சின்னராசா மனைவியையும் குழந்தையையும் கம்பளியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஆற்றில் இறங்கிவிட்டான். பிறகு பின்னாலிருந்து யாரோ கல்லெறிய, மற்றவர்கள் அவர்மேல் விழுந்து அடித்தார்கள். வீரய்யா லொறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் அடிக்கவில்லை. அடித்தவர்களைத் தடுக்கவும் இல்லை.

மூக்கன் கிழவர் தன் காம்பரா அறையோடு எரிந்துபோனார். லியனார்ட்டின் உடலை மதகுக்குக் கீழே கண்டெடுத்தார்கள். சின்னராசாவின் மனைவியும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

டவுன் கோயிலின் மண்டபத்தில் அகதிகளாகக் கிடந்தபோது வீரய்யா அங்கேயும் வந்தான். முகமெல்லாம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. விஷயம் வெளியே போனது யாரால் என்று அவனுடைய ஆட்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஜோசப்பின் பாயில் உட்கார்ந்திருந்தாள். குமாரி அவள் மடியில் படுத்திருந்தாள். அவன் கொஞ்ச தூரம் தள்ளிக் குந்தினான். தனக்கு இந்தியாவுக்குப் போக உத்தரவு ஆகிவிட்டது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன், இங்கே இனி என்ன இருக்கிறது என்றான்.

"அவரு செத்து ஒரு வாரம் ஆகல" என்றாள் ஜோசப்பின்.

"எம் புள்ள மதினி. நான் பெத்த புள்ள."

ஜோசப்பினின் கை குமாரியின் காதைப் பொத்தப் போனது. அதற்குள் பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவனைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஜோசப்பினைப் பார்த்தாள். பக்கத்துப் பாய்களில் இருந்த வெள்ளிமலைச் சனம் முழுவதும் தலையைத் திருப்பிக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு உண்மை என்று உறுதியாயிற்று.

"எங்க அப்பா செத்துப் போயிட்டாரு" என்றாள் குமாரி அவனிடம். சத்தம் போடவில்லை. தெரியாத ஆளுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

வீரய்யா எழுந்து போனான். அவன் இந்தியாவுக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் இந்தியாவுக்குப் போகிற தலைமன்னார்க் கப்பலே நின்றுபோனது.

ஜோசப்பின் பிள்ளையோடு ராகலைப் பக்கம் தன் தங்கை ஐவியின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே அவர்களுக்கு அரைக் காம்பரா கிடைத்தது. குமாரி அவளோடு சாப்பிட்டாள், அவளோடு தூங்கினாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மற்றபடி பேச்சில்லை. எல்லாருக்கும் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் போனதை அவளால் பொறுக்க முடியவில்லை. மருதாயியின் கதையையும், லியனார்ட் அவள்மீது வைத்த பாசத்தால்தான் அதை மறைத்தார் என்பதையும் ஜோசப்பின் பலமுறை சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அந்தப் பேச்சு அவளுக்கே ஒரு சாக்காகத் தெரியத் தொடங்கியது. பிறகு விட்டுவிட்டாள். பதினைந்து வயதில் குமாரி பேர் பதிந்து கொழுந்துக்குப் போனாள்.

எண்பத்தொன்பதில், சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியில், நாடு வேறு விதமாக எரிந்தது. வெள்ளிமலையிலிருந்து வந்த ஆள் ஒருவர், வீரய்யாவை ஜீப்பில் வந்தவர்கள் கூட்டிக்கொண்டு போனதாகவும், கொத்மலைத் தண்ணீரில் ஒரு பிணம் மிதந்ததாகவும், அது அவன்தான் என்று சிலரும் இல்லையென்று சிலரும் சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். ஜோசப்பின் சிலுவை போட்டுக்கொண்டாள். யாருக்காகப் போட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

குமாரி அடுப்படியில் இருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சோற்றை இறக்கி வைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டாள்:

"அம்மா, மருதாயி எப்படி இருப்பாங்க?"

ஜோசப்பின் நினைவில் துழாவினாள். பஞ்ச காலத்து வீங்கிய கால்கள்தான் முதலில் வந்தன. அதை ஒதுக்கிவிட்டு இன்னும் பின்னால் போனாள். குட்டையா இருப்பா என்றாள். சிரிச்சா வாயப் பொத்திக்குவா. கறிவேப்பிலையத் தட்டுல ஒதுக்க மாட்டா, தின்னுருவா. வேறென்ன என்று யோசித்தாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச காலம்தானே இருந்தாள் அந்தப் பெண்.

"அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு" என்றாள்.

குமாரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.