ஒன்பதாவது காது

எனக்குக் கல்யாணமாகி நான்காவது வருடம், அறுபத்தொன்பதோ எழுபதோ, அமராவதிபுதூருக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் ஆடுகளுக்குக் காது அறுந்துபோக ஆரம்பித்தது. விடிந்து பார்த்தால் கிடாய் ஒன்று இடது காதின் நுனி இல்லாமல் நிற்கும். வேறு காயம் இருக்காது. நரி கடித்திருந்தால் கிழிந்திருக்கும். இது அளவெடுத்த மாதிரி நேர்வெட்டு. வெட்டிய துண்டும் கிடைக்காது. சித்திரையில் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, வைகாசி பாதிக்குள் எட்டு ஆகிவிட்டது.

வேறு ஊராக இருந்தால் போலீசுக்குப் போயிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் காதறுத்த ஆட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. கருப்பருக்கு நேர்ந்துவிடும் கிடாய்க்குத்தான் காது நுனியை அறுத்துவிடுவார்கள். அறுத்துவிட்டால் அது சாமி ஆடு. விற்கக் கூடாது, கருப்பர் படையலுக்கு அல்லாமல் வேறு விருந்துக்கு வெட்டக் கூடாது, யார் கொல்லையில் மேய்ந்தாலும் அடிக்கக் கூடாது. இந்த எட்டையும் யாருமே நேர்ந்துவிடவில்லை என்பதுதான் சிக்கல்.

ஊர் ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். செய்வினைக்கு மை வைக்கிறவன் எவனோ ஆள்விட்டு அறுக்கிறான் என்றார் ஒருவர். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சைக்கிளில் வந்து, எட்டுக் காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது காயம்தான் என்று கண்டுபிடித்து, ஊதா மருந்தைத் தடவிவிட்டுப் போனார். அதன்பிறகு ஊரெங்கும் ஊதாக் காதோடு கிடாய்கள் திரிந்தன. கடைசியில் சாமியாடி, "கருப்பரு தனக்கு வேணுங்கிறதை அவரே பாத்து எடுத்துக்கிறாரு, விடுங்கப்பா" என்றதும் பேச்சு அடங்கியது.

பெண்கள் யாரும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால், எட்டுக் கிடாயும் விலை பேசியவை, அல்லது யாருக்காகவோ வெட்ட இருந்தவை. ஒன்று, தலைதீபாவளிக்கு வந்து கோபித்துக்கொண்டு போன மருமகனைச் சமாதானப்படுத்த வளர்த்தது. அந்த வீட்டு அம்மாளுக்கு அந்த மருமகனைக் கண்டாலே ஆகாது. கருப்பருக்கு ஊரின் குடும்ப விஷயமெல்லாம் நன்றாகவே தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டிலும் ஓர் ஆடு இருந்தது. பெட்டை. கல்யாணச் சீரோடு என் பிறந்த வீட்டில் குட்டியாகக் கொடுத்துவிட்டது. காபிப்பொடி நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. மூன்று வருடமாகியும் அது ஈனவில்லை. நானும் உண்டாகவில்லை. இரண்டையும் சேர்த்துப் பேச ஊரில் வாய்க்குப் பஞ்சமில்லை.

என் மாமியாரை நான் அயித்தை என்று கூப்பிடுவேன். வாய் நிறைய வெற்றிலை, அதற்கு இடையில்தான் வார்த்தை. அவருடைய பாக்குவெட்டியை வீட்டில் யாரும் தொடக் கூடாது. அதில் தண்ணீர் படவே கூடாது, துருப்பிடித்துவிடும். துணியில் துடைத்து, மூடி, வெற்றிலைப் பெட்டிக்குள் வைப்பார். தெரியாத்தனமாக ஒரு தடவை கழுவி வைத்துவிட்டு நான் வாங்கிய திட்டு ஒரு வாரத்துக்கு ஓடியது.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் நான் குடத்தோடு வந்தபோது, அயித்தை கொல்லையில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மலட்டு ஆட்டுக்கு எத்தனை நாளைக்குத் தீனி போடுறது? வியாழக்கெழமை யாவாரி வாராரு. புடிச்சுக் குடுத்துர வேண்டியதுதான்."

"ஆட்டைப் புடிச்சுக் குடுத்துரலாம். மத்ததை என்ன செய்யப் போறீக?" என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே.

அயித்தை திரும்பினார். நான் நிற்பதைப் பார்த்தார். பாக்கை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். அவள் கேட்டதைவிட அயித்தை பேசாமல் இருந்ததுதான் எனக்குச் சுட்டது. ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற வாய், எனக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அன்றைக்குச் சட்டி கழுவுகிற சாக்கில் அழுதேன். ஆடு போனால் அடுத்தது நான்தான், பிறந்த வீட்டுக்கு வண்டி கட்டிவிடுவார்கள் என்றே நம்பினேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆத்தா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அவர் நாற்பது வருடம் குடும்பம் நடத்தினார்.

எட்டு எடுத்த கருப்பர் ஒன்பதாவதையும் எடுக்கட்டும் என்று முடிவு செய்தேன். புதன்கிழமை காலையில் அயித்தை சுருக்குப் பையில் வெற்றிலையைத் திணித்துக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினார். பஸ் போன சத்தம் கேட்டதும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாக்குவெட்டியை எடுத்தேன். அது ஈரமாக இருந்தது. இருந்த அவசரத்தில் அதை யோசிக்கவில்லை. முந்தானையில் சுற்றிக்கொண்டு ஆட்டுக் கொட்டிலுக்குப் போனேன்.

ஆடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. இடது காதின் நுனி இல்லை. வெட்டிய இடத்தில் மஞ்சள் அப்பியிருந்தது, இன்னும் காயவில்லை.

கருப்பர் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். என் வேலையை அவரே வந்து முடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான். அப்புறம்தான் கையில் இருந்தது நினைவுக்கு வந்தது. முந்தானையைப் பிரித்துப் பாக்குவெட்டியைத் திறந்து பார்த்தேன். இடுக்கில் காபிப்பொடி நிறத்தில் இரண்டு மயிர் ஒட்டியிருந்தது. கொட்டில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது; இந்தத் தடவை சட்டி தேவைப்படவில்லை.

மறுநாள் வியாபாரி வந்தார். அயித்தையே ஆட்டை இழுத்துவந்து காட்டினார். "இங்குட்டு வந்து பாருங்கண்ணே. நேத்து நான் கோயிலுக்குப் போயிருந்தேன், ஆளில்லாத நேரமாப் பாத்து எங்க வீட்டுக்கும் வந்துட்டாரு கருப்பரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வியாபாரியும் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். அயித்தை என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

சாமியாடி பாடுதான் திண்டாட்டம். கருப்பருக்குப் பெட்டை ஆட்டை வெட்டுகிற வழக்கமே கிடையாது. ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "காதைத்தானே எடுத்திருக்காரு, வெட்டச் சொல்லலையே. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எட்டுக் கிடாயும் ஆடிப் படையலில் போயின. அந்த வருடம் கருப்பருக்கு நல்ல விருந்து, எங்களுக்கும்தான். பெட்டை மட்டும் எல்லார் கொல்லையிலும் மேய்ந்து பெருத்தது. பக்கத்து வீட்டுக்காரியின் அவரைப் பந்தல் என்றால் அதற்குத் தனிப் பிரியம்.

ஒரு நாள் அவள் பொறுக்க முடியாமல், "இந்த மலட்டுச் சனியன" என்று கம்பை எடுத்துவிட்டாள். அயித்தை வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசியதை அன்றுதான் பார்த்தேன். "அந்த வார்த்தைய எங்க வீட்டுல எதைப் பாத்தும் யாரும் சொல்லப்படாது" என்றார். "எதைப் பாத்தும்" என்று இன்னொரு தடவையும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அந்த வீட்டில் நான் கேட்கவில்லை.

எனக்குப் பையன் பிறக்க அதற்குப் பிறகும் நான்கு வருடம் ஆனது. ஆடு கடைசிவரை ஈனவில்லை. அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பாக்குவெட்டி விஷயத்தை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது. ஆடு கிழடாகிச் செத்து, கருப்பர் கோயில் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த அன்று, பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அயித்தையிடம் துணிந்து கேட்டுவிட்டேன். "அயித்தை, அன்னைக்கு அந்தக் காதை நீங்கதானே அறுத்தீக?"

அயித்தை பாக்குவெட்டியைத் துணியில் துடைத்தார். மூடிப் பெட்டிக்குள் வைத்தார்.

"நான் மூடி வச்சுட்டுப் போன பாக்குவெட்டி, கோயிலுக்குப் போயிட்டு வந்து பாத்தா வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்துச்சு" என்றார். "நீ யாரு காதை அறுக்க அதை எடுத்தே, ஆத்தா?"