மண்டபத்துக் குழி

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் எந்த சுவிட்சைத் தட்டினால் எந்த விளக்கு எரியும் என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவரை எல்லோரும் ஃபியூஸ்காரர் என்றே கூப்பிட்டார்கள். முப்பத்தோரு வருடம் அங்கே மின்வேலை பார்த்தவர். மாதக் கடைசியில் ஓய்வு.

வேலையில் சேர்ந்த முதல் வாரம், பெரிய மண்டபத்தில் ஏணி மேல் நின்று பழைய இரும்பு மின்விசிறியைக் கழற்றும்போது கை தவறிவிட்டது. தரைக்கல்லில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் ஓடி வந்தார். வேலை போய்விடுமே என்ற பயத்தில், "இந்தக் குழி முன்னாடியே இருந்ததுங்க. கட்டடம் கட்டறப்போ முதல் கடப்பாறை இங்கதான் விழுந்துச்சாம்" என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார்.

கடப்பாறை விழுந்த பிறகுதானே தரைக்கல் வரும் என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேற்பார்வையாளர் பதிவாளரிடம் சொன்னார், பதிவாளர் விருந்தினர்களிடம் சொன்னார். குழியைச் சுற்றிப் பித்தளை வளையம் வந்தது. மாணவர்கள் அதில் கால் வைத்துவிட்டுத்தான் பரீட்சைக்குப் போனார்கள். ஃபியூஸ்காரர் அந்தப் பக்கம் போனால் கூரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

இப்போது கட்டடத்துக்கு நூறு வயது. வரலாற்றுப் பேராசிரியை புத்தகம் எழுதியிருந்தார், ஆரம்பமே கடப்பாறைதான். அச்சுக்குப் போக மூன்று நாள். ஃபியூஸ்காரருக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல பேரோடு வெளியே போக ஆசை. தன் புளுகை ஊரே படித்து நம்பப்போகிறதே என்ற உறுத்தல் வேறு.

"இத்தனை வருஷம் அடக்கின வாய், இன்னும் மூணு நாள் தாங்காதா?" என்றாள் மனைவி.

தாங்கவில்லை. பேராசிரியையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நானும் அதுல கால் வெச்சுட்டுத்தாங்க பரீட்சை எழுதினேன்" என்றார்.

கடைசி நாளன்று புத்தகம் கைக்கு வந்தது. கடப்பாறையைக் காணோம். 'மண்டபத்துக் குழி, மின்பணியாளர் ஒருவரின் கை தவறி விழுந்த விசிறியால் உண்டானது. அதை அவரே வந்து சொன்னார்' என்றிருந்தது. படித்ததும் வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மனைவி புத்தகத்தை வாங்கி முழுக்கப் புரட்டினாள். நிதி கொடுத்தவர்கள், திறந்து வைத்தவர்கள், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"கல்லு சுமந்தவங்க ஒருத்தரும் இதுல இல்ல" என்றாள். "உடைச்ச நீங்க மட்டும் இருக்கீங்க."