சொதி தின்னாதவள் வைத்த வாசல்

உலகத்தில் இதுவரை மனிதர்களுக்குத் தோன்றிய யோசனைகளை எல்லாம் ஒரு தட்டிலும், சித்ரலேகாவுக்குத் தோன்றிய யோசனையை மறு தட்டிலும் வைத்தால் தராசே முறிந்து தாமிரபரணியில் விழும். விழுந்த சத்தம் பாபநாசத்தில் தொடங்கிப் புன்னைக்காயல் வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட யோசனை. பந்தியில் சாப்பிட்டவன் எந்த வழியாக வெளியே போவது என்பதைப் பற்றியது.

சித்ரலேகா பாளையங்கோட்டையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். வீடு கல்லிடைக்குறிச்சி. பிள்ளை பிறந்து விடுப்பு முடிந்ததும், வீட்டிலிருந்தே வரைந்து தருகிறேன் என்று கேட்டாள். முதலாளி காந்திமதிநாதன் மசியவில்லை.

"புதுசா ஒண்ணு தோணணும்னா பக்கத்துல பக்கத்துல உக்காரணும்மா. ஒருத்தன் கிறுக்குததை இன்னொருத்தன் எட்டிப் பாக்கணும். நீ அங்கன இருந்தா என்னத்தைத் தோணும்? பாலாடையும் அரைத்துணியும்தான் தோணும்."

"ஒரு மாசம் பாருங்க சார். சரிப்படலைன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன்."

வாய் சொல்லிவிட்டது. முதலாளியும் ஒரு மாதத்துக்குச் சரி என்றுவிட்டார். கைப்பிள்ளையை விட்டுவிட்டுத் தினமும் போய்வர முடியாது. வேலையை விட்டால் அவள் அவளாக இருக்க மாட்டாள்.

அப்போது அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அம்பாசமுத்திரத்தில் கட்டப்போகும் கல்யாண மண்டபம். வரைந்தவர் அங்கே எல்லோருக்கும் மூத்தவரான சிவசண்முகம். அவர் வரைந்ததை யாரும் குறை சொன்னது கிடையாது. காரணம் சொதி. வெள்ளிக்கிழமை வந்தால் அவர் வீட்டிலிருந்து தூக்குவாளி நிறையச் சொதி வரும், கூடவே இஞ்சித் துவையலும். மேசைகளைச் சேர்த்துப் போட்டு எல்லோரும் ஒரு பிடி பிடிப்பார்கள். தேங்காய்ப்பால் தொண்டையில் இறங்கின கையோடு, "அண்ணாச்சி, உங்க மண்டபம் சரியில்லை" என்று சொல்ல எந்த நெல்லைக்காரனுக்கு நாக்கு எழும்பும்? சாப்பாட்டுக் கூடத்துக்கு அவர் ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார். எல்லோரும் ஏப்பம் விட்டு "அருமை" என்றார்கள். முன்பெல்லாம் சித்ரலேகாவும் அப்படிச் சொன்னவள்தான்.

இந்தத் தடவை அவள் வீட்டில் இருந்தாள். வீட்டில் ரசம்.

அந்த வாரம் ஊரில் ஒரு முகூர்த்தம். பந்தியில் இடமில்லை. நம் வழக்கப்படி, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் பிள்ளையோடு நின்று இடம் பிடித்தாள். அந்த மனிதர் பாயசத்தை நக்கி நக்கித் தின்றார். இவள் அவர் இலையையே முறைத்தாள். ஒருவழியாக எழுந்து, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே முட்டுகிற கூட்டத்துக்கு எதிரே அவர் நீந்தியபோது, அந்தக் கை பிள்ளையின் மண்டையில் பாயசம் பூசிவிட்டுப் போனது.

துடைக்கும்போதுதான் தோன்றியது. சாப்பிட்டவன் எதற்கு வந்த வழியே திரும்ப வேண்டும்? கைகழுவும் இடத்தை மறுகோடியில் வைத்து, அங்கேயே தாம்பூலப் பையைக் கொடுத்து, தெருவுக்குத் தனி வாசல் விட்டால் என்ன? வேறு ஊரில் வேறு யாருக்காவது இது முன்னமே தோன்றியிருக்கலாம். சொதி தின்ற வாய்களுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை தானாகத் தூங்கிவிட்டது. சித்ரலேகா அடுப்படியில் நின்று சிவசண்முகத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, ஒரே வாசல் சரிப்படாது."

எதிரே இருந்தால் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துப் பாதியில் விழுங்கியிருப்பாள். முகம் தெரியாததால் முழுக்கச் சொல்லி முடித்தாள்.

"எங்க வீட்டுச் சொதிய மறந்துட்டியேம்மா."

"சொதி நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி. வாசல்தான் நல்லால்லை."

மனிதர் கடைசியில் சிரித்துவிட்டார். ஆனால் போனில் சொன்னதைக் கேட்டு அவர் வரைந்து அனுப்பியதைப் பார்த்து இவளுக்குத் தலை சுற்றியது. அந்தப் படத்தில் விருந்தாளிகள் சமையல்கட்டுக்குள் புகுந்து, சாம்பார் அண்டாவைத் தாண்டித் தெருவுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையிலேயே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். அலுவலக நாற்காலிகளைப் பந்தியாகப் போட்டு, ஒரே ஒரு வழி விட்டாள். சாப்பிட்டு எழுந்தவராக நடித்த சிவசண்முகம் எச்சில் கையைத் தூக்கிக்கொண்டு வந்து, காத்திருக்கும் கூட்டமாக நின்ற காந்திமதிநாதன் மேல் நேராக முட்டினார்.

"என்னவே, கண்ணு தெரியலையா?"

"வாசல் ஒண்ணுதானே இருக்கு, நான் எங்கன போவேன்?"

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று சிவசண்முகத்துக்கு உறைத்தது. பென்சிலை எடுத்தவர், சித்ரலேகா நினைத்தே பார்க்காத விதமாக, சமையல்கட்டையே மறுபக்கம் தூக்கி வைத்தார். மறுகோடியில் வாசல் தன்னால் பிறந்தது.

மண்டபத்துக்காரருக்குப் பிடித்துப்போனது. காந்திமதிநாதன் அவளைக் கூப்பிட்டார்.

"வாரத்துல ரெண்டு நாள் இங்கன வா. மிச்ச நாள் அங்கனயே இரு. எல்லாரும் ஒரே வாளியில தின்னா, வேண்டாம்னு சொல்லுதது ஆரு?"

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சேரன்மகாதேவி தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த மாதம் முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல், வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

இதுவரை நான் எழுதியதை வாசித்துவிட்டுச் சித்ரலேகா தாளை மடித்து, அவள் புருஷனுக்குத் தம்பியான என் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் சரிலே கொழுந்தப் பிள்ளை. பிள்ளை தானாத் தூங்குச்சுன்னு எழுதிருக்கியே, நான் போன் பேசி முடிக்குத வரைக்கும் தொட்டிலை ஆட்டிக்கிட்டு நரிக் கதை சொன்னது ஆரு, நரியா?"