எண்ணெய் பட்ட வில்

பேரனின் பனியன் கம்பெனிக்குள் நுழைந்ததும் தையல் மிஷின் எண்ணெய் வாடை அடித்தது. இந்த வயதிலும் அந்த வாடை பட்டால் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீடு மாடியில், அப்பாவின் கம்பெனி கீழே. அங்கே தைத்த பனியன்களில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை பார்த்த சேவியர் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு மேலே வந்து எனக்கு வயலின் சொல்லிக் கொடுப்பார். நான் வில்லைப் பிசகாக இழுத்தால், "தம்பி, பூனை வாலை மிதிச்சிட்டியளோ?" என்பார்.

ஒரு சனிக்கிழமை அப்பாவிடம் சொன்னார்: "நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துல வாசிச்சுக் காட்டணும் மொதலாளி. பிடிச்சுப்போனா பாட்டு வாத்தியார் வேலை."

"நல்லபடியா போய்ட்டு வாங்க சார். பையன்தான் அழுவானுங்க," என்று அப்பா சிரித்தார்.

நான் அழவில்லை. எண்ணெய் பட்டால் வில் ஊமையாகிவிடும் என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், அவர் போய்விடக் கூடாது என்று மிஷின் எண்ணெயை எடுத்து வில்லின் முடி முழுக்கத் தடவினேன். திரும்பி வந்தவர் வயலின் பெட்டியைத் திறந்து பார்க்காமலே தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்களன்று வழக்கம்போல் வேலைக்கு வந்தார்.

"என்னாச்சுங்க சார்?" என்றார் அப்பா.

"சத்தமே வரலை மொதலாளி." என் பக்கம் அவர் திரும்பவில்லை.

நான் விரும்பியபடியே கடைசிவரை எங்கள் கம்பெனியில்தான் இருந்தார். மாடிக்கு மட்டும் வரவில்லை. அப்பாவுக்குப் பிறகு நான் முதலாளியானபோது என்னைக் கண்டதும் எழுந்து நிற்பார். "உட்காருங்க சார்," என்பேன். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.